சுண்ணாம்புமேட்டுத் திருப்பம்

ஜூன் 9, திங்கள்

இன்று தனியாக அலுவலகம் போய்த் தனியாகத் திரும்பினேன். நாற்பத்தொரு வயதில் இதை ஒரு செய்தியாக எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

புது மின்சாரப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றதும் நடைபாதைப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து தாழ்ந்தது. நடத்துநர் இறங்கி வந்து சரிவுப் பலகையை விரித்துப் போட்டார். சக்கர நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு ஏறினேன். யாரும் என்னைத் தூக்கவில்லை. இத்தனை வருஷம் ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்த சாதிக் பாய், தூக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அவ்வளவு மரியாதையான மனிதர். அப்படியும் தினமும் அந்த ஒரு நிமிஷம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். இன்று கண்ணைத் திறந்துகொண்டே ஏறினேன்.

ஜன்னல் ஓரத்தில் எனக்கென்று ஓர் இடம், நாற்காலியைக் கட்ட ஒரு பெல்ட். மில் கேட், பெரியாஸ்பத்திரி, பஜார் எல்லாம் வேறு ஊர் மாதிரி தெரிந்தன. ஆட்டோவில் போகும்போது சாதிக் பாயின் முதுகைத்தான் பார்ப்பேன்.

போக்குவரத்து ஆலோசனைக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் சார்பில் நானும் தேவசகாயம் சாரும் இருக்கிறோம். அவர் பார்வையற்றவர், சங்கீத ஆசிரியர். தாழ்தளப் பேருந்துதான் வேண்டும் என்று எத்தனை மனு, எத்தனை கூட்டம். மாலையில் போன் பண்ணி, "வாணி, எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். சொன்னேன். பலகை எவ்வளவு அகலம் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்தார்.

ஜூன் 12, வியாழன்

தங்கமணியக்கா இன்று தாமதம். காலையில் வந்து என்னைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைப்பது அவர்தான். அம்மாவுக்கு முட்டி போன பிறகு ஏழு வருஷமாக வருகிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சுண்ணாம்புமேட்டில் வீடு.

"பஸ்ஸு வரலீங்க அம்மிணி" என்றார் மூச்சு வாங்க. "பழைய ஒம்போதாம் நெம்பரு நின்னுபோச்சு. புதுசு மெயின் ரோட்டோடயே போயிருது. மேட்டுக்கு வர்றதில்லீங்க."

அவசரத்தில் ஜாக்கெட்டின் ஊக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார். பேருந்தைப் பிடிக்க வேண்டுமே என்று நான் கொஞ்சம் கடுகடுத்தேன்.

வழித்தட வரைபடம் குழுவில் சுற்றுக்கு வந்தபோது ரொம்பச் சின்னதாக அச்சடித்திருந்தார்கள்.

ஜூன் 18, புதன்

அலுவலகத்தில் நல்ல நாள். நில அளவைப் பிரிவில் வரைவாளர் வேலைக்குக் கண்தான் மூலதனம். இன்று வந்த ஒரு மனைப்பிரிவு வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கின் எல்லைக்கோடு நூல் அகலத்துக்கு நழுவியிருந்ததைப் பிடித்தேன். தாசில்தார் கூப்பிட்டுப் பாராட்டினார். "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க மேடம்."

பேருந்தில் திரும்பும்போது கல்லூரிப் பெண் ஒருத்தி, "அக்கா, பேப்பர்ல வந்தது நீங்கதானே?" என்று கேட்டாள். தொடக்க விழாவில் சரிவுப் பலகையில் நான் ஏறுகிற படம். அம்மா அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாள். வேண்டாம் என்றேன். எடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தங்கமணியக்காவின் புருஷன் ரங்கசாமி அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த நாட்களில் அக்கா அவரையும் கூடவே பேருந்தில் அழைத்து வந்து, ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு இங்கே வருவார். என் வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவார்.

இன்று தனியாக வந்தார்.

"அண்ணன் எங்கேக்கா?"

"அவருக்கு நடக்க முடியலீங்க. அடுத்த தடவ போய்க்கலாம்னுட்டாரு."

"டயாலிசிஸைத் தள்ளிப் போடக்கூடாதுக்கா. ஆபத்து."

"ஆமாங்க" என்றார். குனிந்து என் காலுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய குதிகால் வெடித்திருந்தது, செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. களிம்பு தருகிறேன் என்றேன். அப்புறம் பேருந்து நேரமாகிவிட்டது, மறந்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் தனியாகத்தான் வந்தார். நான் கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

அக்கா வரவில்லை. போன் அணைந்திருக்கிறது.

அம்மா குளிப்பாட்டப் பார்த்தாள். என்னை நகர்த்தும்போது வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே ஈரத்தில் கொஞ்ச நேரம் இருந்தோம். அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள். விடுப்பு சொல்லிவிட்டேன்.

என் பேருந்து வழக்கமான நேரத்துக்குப் போயிருக்கும்.

ஜூலை 2, புதன்

மூன்றாவது நாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா, இத்தனை வருஷப் பழக்கத்தில் இப்படியா நின்றுவிடுவது என்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ மேட்டுல இருந்து மெயின் ரோடு வரைக்கும் நடந்து எறங்கி வர்றா. திரும்ப நடந்து ஏர்றா. உனக்குத் தெரியாதா வாணி?"

"ஷேர் ஆட்டோ இருக்குமே."

"எந்த ஆட்டோக்காரன் அந்த மேட்டுக்கு வர்றான்? வந்தா கேக்கற காசுக்கு அவ வேலைக்கே வர வேண்டியதில்ல."

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. அவளிடம் அக்கா பேசுகிறார். என்னிடம் பேருந்து வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 3, வியாழன்

சாதிக் பாயைக் கூப்பிட்டேன். பேருந்து வந்த பிறகு அவரை நான் கூப்பிடவே இல்லை. குத்தலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எங்கம்மா போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

மெயின் ரோட்டிலிருந்து மேடு ஏறும் சாலை, முதல் வளைவிலேயே கொண்டை ஊசியாகத் திரும்புகிறது. ஒரு பக்கம் கல் பாலம், இன்னொரு பக்கம் பழைய சுண்ணாம்புக் காளவாயின் சுவர். புதுப் பேருந்தின் நீளத்துக்கு அங்கே திரும்பாது. திரும்பினாலும் அடிப்பக்கம் தட்டும். ஒரு பார்வையிலேயே தெரிந்தது. அதற்கு மேல் ஏற்றம், ஏற்றம், ஏற்றம். ஆட்டோ முனகியது. வழியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். சாதிக் பாய் வண்டியை நிறுத்தினார். என் நாற்காலி மடித்து வைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டு ஏறினாள்.

ரங்கசாமி அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. முதலில் அவர்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

"வாங்க அம்மிணி" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தினார். "பேப்பர்ல... உங்க படம் பாத்தேனுங்க. பஸ்ஸு நல்லா இருக்குதுங்களா?"

அதில் எந்த உள்ளர்த்தமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்கண்ணா."

"அந்தப் பழைய வண்டி விடற புகையில... கொடியில போட்ட துணியெல்லாம் கறுத்துப் போகுமுங்க. புதுசு வந்தது நல்லதுதானுங்க."

அக்கா அடுப்படியிலிருந்து வந்து சுவரோரம் நின்றார். எத்தனை தடவை தவறியது என்று கேட்டேன். மூன்று என்றார். கடைசியாக ஒரு நாள் இருவருமாக இறங்கப் பார்த்து, பாதி வழியில் அவர் உட்கார்ந்துவிட, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மில் பெண்கள்தான் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்களாம். பக்கத்து வீட்டு போனில் 108-ஐக் கூப்பிட்டால், "டயாலிசிஸ் கூட்டிட்டுப் போறதுக்கெல்லாம் வர மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"இப்பவே கெளம்புங்க" என்றார் வாசலில் நின்ற சாதிக் பாய்.

ஆட்டோவில் எல்லோருக்கும் இடமில்லை. நான் இங்கேயே இருக்கிறேன், அவர்களை விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அண்ணனைத் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டு அக்கா ஒரு துண்டெடுக்க உள்ளே வந்தார். நாங்கள் இருவர் மட்டும்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க அந்தக் குழுவுல இருக்கறீங்கல்ல?"

"ஆமாக்கா."

"எங்க பஸ்ஸு நிக்கப் போவுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதுங்களா?"

"வரைபடம் ரொம்பச் சின்னதா இருந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ஏழு வருஷமாக என் உடம்பில் அவர் அறியாத இடம் கிடையாது. "செரிங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டோடு போய்விட்டார்.

ஆட்டோ திரும்பி வரும்வரை அந்த வீட்டு வாசலில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் டீ கொண்டு வந்தாள். காலை ஷிப்ட் முடிந்த மில் பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பேசாமல் ஏறினார்கள். அந்த ஏற்றத்தில் பேச்சும் நடையும் ஒன்றாக முடியாது. பஸ் நின்றுபோன நிழற்குடையில் ஆடுகள் படுத்திருந்தன. ஒரு பெண் நின்று, "பஸ்ஸு வாங்கிக் குடுத்தது நீங்கதானுங்களா?" என்று கேட்டாள். படத்தில் பார்த்திருப்பாள்.

என்ன பதில் சொன்னேன் என்று எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அவசரப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம்.

அம்மா பீரோ கதவிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். கேட்கவில்லை, எடுத்துவிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணன் பிழைத்துவிட்டார். பேசுகிறாராம். அக்காவின் தங்கை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறாள், கொஞ்ச நாள் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஒற்றை அறை, ஏற்கனவே ஐந்து பேர்.

எனக்கு உதவ ஏஜென்சி மூலம் ஒரு பெண் வருகிறாள். தலைவாரும்போது இழுக்கிறாள்.

பேருந்துத் திட்ட அலுவலர் நந்தகோபனுக்கு போன் பண்ணினேன். கெட்டவர் இல்லை. அவருடைய மகளுக்கு ஆஸ்துமா, நெபுலைசர் இல்லாமல் தூங்க மாட்டாள். இந்த ஊரில் டீசல் புகையைக் குறைக்க அவரைப் போல அலைந்தவர்கள் கிடையாது.

"மேடம், பழைய வண்டியைத் திரும்ப விடச் சொல்லாதீங்க. ஒண்ணு விட்டா ஒவ்வொரு ஏரியாவும் கேப்பாங்க, அப்புறம் எதுக்கு இந்தத் திட்டம்?"

"அங்க இருக்கறவங்க எப்படிங்க வர்றது?"

"கடைசி மைல் இணைப்புன்னு ஒரு பகுதி அறிக்கையில இருக்கு. ஷேர் ஆட்டோ வளர்ந்துடும்னு எதிர்பார்த்தோம்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் பார்த்தீங்களே மேடம், எல்லாரும்தானே ஒத்துக்கிட்டோம்" என்றார்.

அதற்குள் கேட் மணி அடித்தது, வைத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

குழுக் கூட்டம். நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

நந்தகோபன் தயாராக வந்திருந்தார். சிறிய மின்சாரப் பேருந்து ஒன்று இன்னொரு வழித்தடத்தில் ஓடுகிறது. அது மேட்டு வளைவில் திரும்பும், ஏறும். என் தடத்தில் ஓடும் இரண்டு பெரிய பேருந்துகளில் ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு, இந்தச் சிறியதை வாங்கிக் காலை நேரத்தில் சுண்ணாம்புமேடு வழியாக விடலாம். மிஞ்சும் பெரிய பேருந்து காலையில் சார்ஜில் நின்று, மாலையில் மட்டும் ஓடும். ஆனால் அதில் சரிவுப் பலகை கிடையாது. வாசலில் படிக்கட்டு.

"மாற்றுத்திறனாளிகள் தரப்பு ஒத்துக்கிட்டாதான் மாத்த முடியும். இல்லேன்னா நாளைக்கே யாராவது கோர்ட்டுக்குப் போவாங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தேவசகாயம் சார் முந்திக்கொண்டார். "சரிவுப் பலகை வச்ச சின்ன வண்டி வாங்குங்க. நாட்டுல இல்லாததா?"

"டெண்டர்ல சேர்க்கலாம் சார். ஆனா இந்த வருஷம் வராது."

"அப்ப இந்த வருஷம் எங்களுக்குப் பஸ் இல்லையா?"

"சாயங்காலம் இருக்குமே சார்."

நான் அவசரமாக எதையும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அந்தக் கட்டிலில் சாய்ந்திருந்த முகம் ஞாபகம் வந்தது. அந்த வரைபடமும்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன். "ஆனா இது தற்காலிகம்னு எழுதணும். அடுத்து வாங்கற வண்டி எதுவா இருந்தாலும் பலகை இருக்கணும்னும் எழுதணும்."

எழுதிக்கொண்டார்கள். வேகமாகவே எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வராந்தாவில் தேவசகாயம் சார் தன் கைத்தடியைத் தரையில் ஊன்றி நின்றார். "உங்க பஸ்ஸ மட்டும் நீங்க விட்டுக் குடுக்கல வாணி. இன்னொரு ஊர்ல ஒருத்தன் பலகை கேப்பான். 'அங்க உங்க ஆளே படிக்கட்டுக்குச் சரின்னு சொல்லியிருக்காங்க'ன்னு இந்தத் தீர்மானத்தை எடுத்துக் காட்டுவாங்க."

"ஒருத்தர் சாகக் கிடந்தார் சார்."

"அதுக்கு நாமதான் விட்டுக் குடுக்கணுமா? காலைல கார்ல தனியா ஒரு ஆள் போறானே, அவன்கிட்ட யாராவது எதையாவது கேட்டாங்களா?"

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனேன்.

ஜூலை 19, சனி

தேவசகாயம் சார் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் வாசலில் தங்கமணியக்கா!

மேட்டு வீட்டுக்கே திரும்பிவிட்டார்களாம். சின்னப் பேருந்து நேராக நிழற்குடைக்கு வந்து நிற்கிறது, மேட்டுப் பெண்கள் முதல் நாளே அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் கலந்தார். அக்கா கை பட்டதும்தான் என் தோள் இத்தனை நாளும் விறைத்தே இருந்தது தெரிந்தது. தலைமுடியை இழுக்காமல் வாரினார். நாங்கள் அந்த மேட்டு வீட்டு வியாழக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை.

கிளம்பும்போது வழக்கம்போல நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். ஆட்டோ வருகிறது என்றேன்.

"ஏனுங்க, பஸ்ஸு?"

"காலைல சின்ன வண்டிதானேக்கா."

ஒரு கணம் புரியாமல் நின்றார். பிறகு அந்தச் சின்ன வண்டியின் படிக்கட்டை மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். முகம் மாறியது.

"இது யாரு கேட்டுச் செஞ்சாங்க?"

சொன்னேன். நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?" என்றார். கோபம்தான், சந்தேகமே இல்லை. "அப்ப எங்களுக்குச் சொல்லாம எங்க பஸ்ஸ எடுத்தீங்க. இப்பச் சொல்லாம உங்க பஸ்ஸக் குடுத்தீங்க. எங்கள ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டா என்னங்க? நாங்க வந்து ரெண்டும் வேணும்னு கேட்டிருப்போமுங்க."

சாதிக் பாய் ஹாரன் அடித்தார். அக்கா என் புடவை மடிப்பைச் சரி செய்துவிட்டு, நாற்காலியைத் தள்ளினார்.

தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மேட்டில் ஏறி இறங்கினால் சின்ன வண்டியின் பேட்டரி மத்தியானத்துக்கே தீர்ந்துவிடுகிறதாம். மாலையில் சார்ஜில் நிற்கிறது. ஆக, காலையில் அவர்களுக்கு, மாலையில் எனக்கு. இன்னொரு சின்ன வண்டி வந்தால் சரியாகிவிடும் என்கிறார் நந்தகோபன். எப்போது என்று கேட்டேன். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை அவருக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலைப் பேருந்தில் பெரியாஸ்பத்திரி நிறுத்தத்தில் அவர்கள் இருவரும் ஏறினார்கள். டயாலிசிஸ் முடித்த அண்ணனால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நடத்துநர் கேட்காமலே பலகையை விரித்தார். அண்ணன் அதன்மேல் மெதுவாக நடந்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். முகத்தின் வீக்கம் வடிந்து, கன்னம் ஒட்டி, பழைய ஜாடை திரும்பியிருந்தது.

"இது சொகமா இருக்குதுங்க அம்மிணி" என்றார். "எங்களுக்கும் இது இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

அக்கா என் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றார். உட்கார இடமிருந்தது, உட்காரவில்லை. மில் கேட் தாண்டியதும் கேட்டார்:

"அடுத்த கூட்டம் எப்போங்க?"

"மாசக் கடைசியில."

"நானும் வர்றேனுங்க. மேட்டுல இன்னும் நாலு பேரு வர்றேன்னாங்க. உள்ள விடுவாங்களா?"

"குழுவுல இல்லாதவங்கள விட மாட்டாங்கக்கா. ஆனா நான் கூட்டிட்டுப் போனா என்ன பண்ணுவாங்கன்னு தெரியல."

"தேவசகாயம் ஐயா கோவிச்சுக்கிட்டாராமே, அம்மா சொன்னாங்க. அவரையும் பாக்கோணும். அவரு சொன்னதுல என்ன தப்புங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்கு அவர் வீட்டுக்கே போவது என்று பேசிக்கொண்டோம். அவர் கதவைத் திறப்பாரா தெரியாது.

சுண்ணாம்புமேட்டுத் திருப்பத்தில் பேருந்து நின்று சாய்ந்தது. மில் பெண்கள் முதலில் இறங்கினார்கள். அண்ணன் கடைசியில் இறங்கி, இரண்டடி வைத்து, அந்தக் கல் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் பக்கத்தில் நின்று மேட்டை அண்ணாந்து பார்த்தார். முந்திப் போன பெண்களில் இரண்டு பேர் பையை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் அவருடைய கையைத் தங்கள் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நான் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். போய்ட்டு வாங்கக்கா என்று சொன்னேன், வாய்க்குள்ளேயே.

பேருந்து சத்தமே இல்லாமல் கிளம்பியது. அவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பியதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.